சுளுக்கா? முறுக்காதீங்க... மெதுவா பிடிங்க!

நாட்டரசன்கோட்டை: தைப்பூசம் வந்தால் செட்டிநாட்டுப் பக்கம் பழனி பாதயாத்திரைதான். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்தே போகிறார்கள். வீடு திரும்பிய மறுநாள்தான் கெண்டைக்கால் வேலையைக் காட்டும். வாசல்படி இறங்க முடியாது.

'சுளுக்கு எடுக்கிறேன்' என்று யாராவது காலை முறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். பழக்கமில்லாத தூரம் நடந்ததில் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய காயம் இது. 'கெட்ட நீர் இறங்கிடுச்சு' என்பதெல்லாம் சும்மா. 1 முதல் 3 நாள் வரை வலி உச்சத்தில் இருக்கும், பிறகு தானே வடியும்.

அதுவரை இதம் தர கைப்பக்குவம் உண்டு. சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயர் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 வகை. வீட்டில் பிடித்தலும் லேசான அழுத்தலும் போதும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி, கணுக்காலில் தொடங்கி முழங்காலை நோக்கி உள்ளங்கையால் 10 நிமிடம் நீவலாம். 'வலிச்சாத்தான் சரியாகும்'னு பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. முறுக்கல், இழுத்தல் எல்லாம் படித்தவர்கள் வேலை. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் கேட்கலாம்.

ஆனால், ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் கையே வைக்கக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும்... உயிருக்கே ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலூனில் கழுத்தை 'டக்'கென்று திருப்புவதும் வேண்டாத வேலை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.