ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

புதிய சைக்கிள் மீட்டரில் பேட்டரியைப் போட்டதும் அது ஒரு நான்கு இலக்க எண்ணைக் கேட்கும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில், டயர் அளவுக்கு நேராக 2096, 2105, 2155 என்று ஓர் அட்டவணை இருக்கும். சக்கரம் ஒருமுறை சுற்றினால் சைக்கிள் எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்பதுதான் அந்த எண். கடையில் வைத்துக் கொடுத்ததை அப்படியே விட்டுவிடுபவர்களே அதிகம். ஆனால் மீட்டர் காட்டும் வேகம், தூரம், சராசரி எல்லாம் இந்த ஓர் எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.

மீட்டருக்குச் சாலை தெரியாது. ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டிய சிறு காந்தம், ஃபோர்க்கில் கட்டியிருக்கும் உணரியைச் சுற்றுக்கு ஒருமுறை கடக்கிறது. பெரும்பாலான கம்பி மீட்டர்களில் உணரிக்குள் இருப்பது ஒரு கண்ணாடிக் குழாய். அதில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகே வந்ததும் அவை ஒட்டும், போனதும் விலகும். ஒட்டலுக்கும் ஒட்டலுக்கும் இடையே ஓடிய நேரத்தை மீட்டர் அளக்கிறது. 2105 மி.மீ. சக்கரத்தில் அந்த இடைவெளி 0.379 விநாடி என்றால் வேகம் மணிக்கு 20 கி.மீ. காந்தத்தை அச்சுக்கு அருகே கட்டினாலும் ரிம்முக்கு அருகே கட்டினாலும் கணக்கு மாறாது; சுற்றுக்கு ஒரு துடிப்புதானே!

சரி, டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்தே சுற்றளவைக் கணக்கிடலாமே? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பந்தய சைக்கிள் டயரில் 700×25சி என்று இருக்கும். 700 மி.மீ. விட்டம் என்று நம்பி 3.1416-ஆல் பெருக்கினால் 2199 வரும். உண்மையில் அந்தச் சக்கரத்தின் விட்டம் 700 இல்லை. பழைய பிரெஞ்சு முறையில், தடித்த டயரோடு சேர்த்து அளந்த விட்டத்தின் பெயர் அது; டயர் மெலிந்த பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதே டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 25-622 என்று இருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும்: அகலம் 25, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622. இரு பக்கமும் டயரின் உயரத்தைச் சேர்த்தால் 672, சுற்றளவு 2111. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28×1½ டயரில் இதே இடம் 635 மி.மீ. மீட்டரில் 2199 என்று வைத்தவருக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் நூற்று நான்குக்கு மேல் காட்டும். பெருமைப்பட்டுக்கொள்ள நல்ல வழி, அவ்வளவுதான்.

ஆனால் 2111 வரும் இடத்தில் அட்டவணை 2105 என்கிறதே? ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் அடியில் சற்று நசுங்குகிறது. அச்சு தரைக்கு நெருங்குகிறது. எடை, காற்றழுத்தம், தேய்மானம் எல்லாம் இதில் கை வைக்கின்றன. டயர் 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் குறையும். நூறு கிலோமீட்டருக்கு முந்நூறு மீட்டர் பிசகும். அதனால் அட்டவணையைவிடத் தரை நம்பகமானது. வழக்கமான அளவுக்குக் காற்று அடித்து, முன்சக்கரத்தின் வால்வைச் சரியாகக் கீழே கொண்டுவந்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, வளையாமல் நேராக ஐந்து சுற்று உருட்டி மறுபடி கோடு போட்டு, டேப்பால் அளந்து ஐந்தால் வகுக்க வேண்டும். கோட்டில் 5 மி.மீ. தவறினாலும் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ.தான் பிசகும்.

இதே வேலையை உலகிலேயே மிகக் கறாராகச் செய்பவர்கள் மாரத்தான் பாதையை அளப்பவர்கள். 42.195 கி.மீ. பாதைக்குச் சான்று தர அவர்கள் நம்புவது ஜிபிஎஸ்ஸை அல்ல, சைக்கிளை! அமெரிக்காவின் ஆலன் ஜோன்ஸ் 1971-இல் உருவாக்கிய எண்ணி முன்சக்கரத்தின் அச்சில் மாட்டப்படுகிறது. அதில் ஓர் எண் ஏறினால் சைக்கிள் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். சுற்றளவு என்ன என்று அவர்கள் கேட்பதே இல்லை. எஃகு டேப்பால் அளந்து குறித்த நேர்ச்சாலையில் நான்குமுறை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று பார்க்கிறார்கள். பிறகு, வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய தடத்திலேயே மாரத்தான் பாதையை அளக்கிறார்கள். முடிந்ததும் அதே நேர்ச்சாலைக்குத் திரும்பி மறுபடி நான்குமுறை. காலைக் குளிரில் தொடங்கிய வேலை வெயிலில் முடிந்தால் டயருக்குள் காற்று விரிந்து சக்கரம் துளி பெருத்திருக்கும் அல்லவா?

இவ்வளவு கறார் தேவைதான். 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி, டெரெக் கிளேட்டனின் 1969-ஆம் ஆண்டு உலக சாதனையை இருபது விநாடியில் முந்தினார். பின்னர் பாதையை மறுபடி அளந்தபோது ஏறக்குறைய 150 மீட்டர் குறைந்தது. அவர் ஓடிய வேகத்தில் அந்தத் தூரத்துக்கு இருபத்தேழு விநாடி வேண்டும். சாதனை கைவிட்டுப் போயிற்று. அளப்பவர்கள் இன்று கணக்கில் வரும் தூரத்தோடு ஆயிரத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். அதனால் சான்று பெற்ற மாரத்தான் பாதை ஒவ்வொன்றும் 42.195 கிலோமீட்டரைவிட ஏறத்தாழ 42 மீட்டர் நீளமாகவே வகுக்கப்படுகிறது.