உப்பைத் தின்ற துப்பாக்கி
இரும்புக் கருவிகளின் கதை – 14

ஹார்ட்ஃபோர்டு நகரத் தொழிற்சாலையில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களை இயந்திரங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கில் செய்து குவித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ரிவால்வரைச் சுட்ட பிறகு அதற்குள் என்ன நடக்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாறுகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தத் துப்பாக்கிகளின் ஆயுளைத் தீர்மானித்தது இதுதான் என்பது என் கருத்து.

கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதை மூடிய எஃகுக் கலத்தில் வெடிக்கவைத்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்து, 1875-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடையில் சுமார் 43 சதவீதம்தான் வாயுவாகிறது. மீதி 57 சதவீதமும் திடப்பொருள். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்ஃபைடு போன்ற உப்புகள். 1860 மாடல் ஆர்மி கோல்ட்டின் ஓர் அறையில் ஏறக்குறைய 2 கிராம் மருந்து போடுவார்கள். அப்படியானால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கிராமுக்கு மேல் கசடு. அதில் ஒரு பகுதி வெண்புகையாகக் காற்றோடு போய்விடும். மற்றது குழலிலும் சிலிண்டரிலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும்.

வெறும் கரியாக இருந்தால் கவலையில்லை. கார்பனேட் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாலையில் சுட்டுவிட்டு அப்படியே உறையில் செருகினால், ஈரமான ஊரில் மறுநாள் காலைக்குள் குழலுக்குள் செந்துரு தெரிய ஆரம்பிக்கும். துரு ஒருமுறை குழி பறித்துவிட்டால் அடுத்த முறை கசடு அந்தக் குழியில்தான் முதலில் தங்கும்.

அந்த உப்பு வந்த வழியையும் சொல்ல வேண்டும். பொட்டாசியம் வந்ததெல்லாம் வெடியுப்பிலிருந்து. அன்றைய உலகச் சந்தையில் வெடியுப்புக்குப் பெயர்போன இடம் நம் பிகார். நூனியா சாதியைச் சேர்ந்தவர்கள் ஊர்ப்புறங்களில் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுத்த சரக்கு அது. 1861 நவம்பரில் அமெரிக்க வடமாநிலங்களுக்காக வெடிமருந்து உற்பத்தியாளர் லாமோ டு பான்ட் லண்டனுக்குப் போய் இந்திய வெடியுப்பைப் பெருமளவில் வாங்கினார். அப்போது பார்த்து அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே ‘டிரென்ட்’ கப்பல் தகராறு மூண்டது. பிரிட்டன் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. தகராறு தீர்ந்த பிறகுதான் சரக்கு நகர்ந்தது. அமெரிக்கச் சிப்பாய் தன் ரிவால்வரிலிருந்து கழுவிக் கொட்டிய உப்பில் பிகார் மண்ணுக்கும் பங்கு உண்டு.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பது இந்த இரும்புக்கு அப்படியே பொருந்தும். உப்பு கரைவது நீரில்தான், எண்ணெயில் அல்ல. துருவுக்குப் பயந்து நீரைத் தவிர்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்துவைத்தால், உப்பின்மேல் எண்ணெய் பூசி மூடியதாகத்தான் ஆகும். முதலில் எல்லா அறைகளும் காலியா என்று பார்க்க வேண்டும். மரக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் குழலையும் சிலிண்டரையும் முக்கித் தேய்த்தால், நீர் மை போலக் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சல்ஃபைடு வெளியேறுகிறது என்பதற்கு அது அடையாளம். கொதிநீர்தான் வேண்டும் என்று சாதிப்பவர்கள் உண்டு. சூடேறிய இரும்பு தானே சீக்கிரம் உலரும் என்பது அவர்கள் வாதம். ஆனால் கொதிநீர் உலரும்போதே மெல்லிய துரு படர்ந்துவிடுவதும் உண்டு. வெந்நீரில் கழுவி உடனே துடைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கேதான் கோல்ட்டின் அருமை புரிகிறது. அவருடைய ரிவால்வரில் சிலிண்டருக்கு மேலே இரும்புச் சட்டம் கிடையாது. அது பலவீனம் என்று இன்றும் எழுதுகிறார்கள். 1858-ஆம் ஆண்டுக் காப்புரிமைத் தேதி பொறித்த ரெமிங்டனில் மேற்சட்டம் உண்டு. வலிமையில் ரெமிங்டன் மேல்தான். ஆனால் கசட்டின் கண்ணால் பாருங்கள். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகப் பீறிடும் புகை நேராக நடு அச்சில் போய்ப் படிகிறது. ரெமிங்டனின் அச்சு மெலிந்தது, வழவழப்பானது. சில சுற்றுகளிலேயே கசடு இறுகி, சிலிண்டர் சுழல மறுக்கும். கோல்ட்டின் அச்சு பருமனானது. அதைச் சுற்றிச் சுருள் சுருளாகக் காடி வெட்டியிருப்பார்கள். காடியில் கொழுப்பு தங்கும், கசட்டுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். கழற்றுவதும் எளிது. குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டித் தள்ளி, குண்டு இடிக்கும் நெம்புகோலைச் சிலிண்டரின் இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் அழுத்தினால், குழல் தானாக முன்னே நகர்ந்து கழன்றுவிடும். திருப்புளி தேவையில்லை. கழுவுவதற்கென்றே செய்தது போன்ற கருவி அது. ரெமிங்டனில் அச்சை இழுத்தால் சிலிண்டர் மட்டும் கையோடு வரும், குழல் சட்டத்தோடேயே நிற்கும்.

மிகவும் கவனிக்க வேண்டியவை சிலிண்டரின் பின்புறமுள்ள ஆறு நிப்பிள்கள். வெடித்தொப்பி உட்காரும் இடம் அது. அவற்றின் மரைக்குள் உப்பு இறங்கி நாள்பட்டால் இரும்போடு இரும்பு ஒட்டிப்போகும். பிறகு சாவி போட்டுத் திருகினால் நிப்பிள் முறிந்துதான் வரும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, மரையில் கொழுப்புத் தடவிப் பூட்ட வேண்டும். மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசையே இதற்குத் தோது. பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தின் சூட்டில் தார் போல இறுகும். விலங்குக் கொழுப்பு கசட்டை இளக்கியே வைத்திருக்கும்.

கோல்ட்டின் 1851 மாடல் நேவி ரிவால்வரின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பதித்திருக்கும். 1843 மே 16 அன்று டெக்சாஸ் கப்பற்படை மெக்சிகோவோடு மோதிய சண்டை அது. வரைந்து செதுக்கியவர் வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி. சேகரிப்பாளர்கள் ஒரு பழைய நேவியைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அந்தக் கப்பல்களைத்தான். பல துப்பாக்கிகளில் அவை தேய்ந்தும் துருவேறியும் மறைந்துவிட்டன. கப்பல்கள் இன்னும் தெளிவாகத் தெரிகிற துப்பாக்கியைப் பார்த்தால், யாரோ அதைப் பொறுப்பாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பெயர் தெரியாத அந்த ஆள்மீது மரியாதை வரும்.

எண்ணெய் பூசி வைத்த ரிவால்வரை அப்படியே நிரப்பக்கூடாது. எண்ணெய் பட்ட மருந்து பற்றாது. அறைகளைத் துணியால் துடைத்துவிட்டு, மருந்தும் குண்டும் இல்லாத அந்த அறைகள் ஒவ்வொன்றிலும் வெறும் தொப்பி மாட்டி, பாதுகாப்பான பக்கம் நோக்கிச் சுடுவார்கள். நிப்பிளின் துளையில் தங்கிய எண்ணெய்ச் சொட்டு அந்தத் தீயில் எரிந்து வெளியேறும். அதன் பிறகுதான் மருந்து.

(அடுத்த வாரம்: ரோலின் ஒயிட்டின் 1855-ஆம் ஆண்டுக் காப்புரிமையும், உலோகத் தோட்டாவுக்காகக் கோல்ட் நிறுவனம் காத்திருந்த ஆண்டுகளும்)