பழைய ஜிப்சிக்குப் புது இன்ஜின்

"கார்புரேட்டர் இன்ஜினைக் கழட்டிட்டு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் மாட்டினா என்ன லாபம்?" என்று கேட்டால் நாம் எல்லோரும் "பவர், மைலேஜ்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன், எங்கப்பாவிடம்.

அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் மூட்டை இறக்குவது அவருடைய பழைய ஜிப்சியில்தான். 1.3 லிட்டர் கார்புரேட்டர் மாடல். காலையில் சோக்கை இழுத்து இழுத்துக் கை வலிக்கும். மேட்டில் கரும்புகை.

காரணம் எளிது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம்; அங்கே காற்று அடர்த்தி குறைவு. கார்புரேட்டர் ஜெட்டின் துளை மாறாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் புகை. எம்.பி.எஃப்.ஐ.யில் மேப் சென்சார் இன்டேக் குழாயின் அழுத்தத்தைச் சொல்லும், இ.சி.யூ. அதற்கேற்ப இன்ஜெக்டரைத் திறந்து மூடும்.

ஜிப்சியிலேயே 2000-இல் 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அந்த இன்ஜின் ஒன்று பழைய வண்டியிலிருந்து கிடைத்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் இரண்டே நாளில் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரே வகை இன்ஜின் என்பதால் பெரிய சிரமம் இல்லை. சூப்பராக ஓடியது, மூன்று வாரம்.

ஒருநாள் இறக்கத்தில் பெட்ரோல் வாசனை. அப்பா ஓரங்கட்டி உடனே சாவியைத் திருப்பினார். பானெட்டைத் தூக்கினால் ஹோஸ் வெடித்து, சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி எல்லாம் நனைந்திருந்தது. நானும் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன்.

அன்றைக்குத்தான் பாடம் புரிந்தது. கார்புரேட்டருக்கு இன்ஜினே இயக்கும் பம்ப், கால் கிலோ பிரஷர் போதும். இன்ஜெக்ஷனுக்கு எலெக்ட்ரிக் பம்ப், மூன்று கிலோ வரை. அதே பழைய ரப்பர் ஹோஸும் சாதாரண கிளாம்ப்பும் அதைத் தாங்குமா? இன்ஜெக்ஷனுக்கென்றே உள்ள ஹோஸ்தான் வேண்டும். மிச்சப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயும் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தப்பு வயரிங்கில். பம்ப் ரிலேவை இ.சி.யூ. இயக்க வேண்டும். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் நின்றால் ஓரிரு நொடியில் பம்ப்பும் நிற்கும். எங்கள் வண்டியிலோ பம்ப்பை நேராக இக்னிஷனில் கொடுத்திருந்தார்கள். வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்றாலும் சாவி ஆனில் இருந்தால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்! அப்பா சாவியைத் திருப்பியது எங்கள் நல்ல காலம்.

இன்னொன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை மறக்காதீர்கள். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். நம்பர் ஒத்துப்போகாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்கப்போனால் வம்புதான்.

லீவில் நானே ஹோஸ், ரிலே எல்லாம் மாற்றினேன். அப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். "இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?" என்றார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "ஆமாப்பா" என்றேன்.

நாளைக்கு நம்மிடமும் இப்படி வண்டிகள் வரும். குதிரைத்திறனைக் கேட்கும் முன் ஹோஸையும், ரிலேயையும், ஆர்.சி.யையும் கேளுங்கள் நண்பர்களே!