உங்களுக்குத் தெரியுமா? ரப்பர் குமிழும் ஒரு சோதனைக் கருவிதான்!
பிரித்துப் பூட்டிய படகின் அவுட்போர்டு மோட்டார் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டால், உடனே மறுபடி பிரிக்காதீர்கள். முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் எரிபொருள் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, வரத்து தடைபடும். திருகு திறந்திருந்தும் திணறுகிறதா? எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் குமிழை அழுத்துங்கள். மோட்டார் சீராக ஓடத் தொடங்கினால், பெரும்பாலும் குறை எரிபொருள் பம்பில் அல்லது குழாய் இணைப்பில்.

பல டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் அந்தப் பம்பை இயக்குவதே கிராங்க் அறையின் அழுத்த ஏற்ற இறக்கம்தான். ஆயில் சீலோ கேஸ்கெட்டோ சரியாகப் பொருந்தாவிட்டால் பம்பு சோர்ந்துபோகும், கலவையில் காற்றும் கூடும். எரிபொருளோடு கலந்துவரும் ஆயிலும் குறைவதால் புதிய பிஸ்டன்கூட சிலிண்டரில் இறுகிவிடலாம். கசிவை அடைக்கும்வரை முழு வேகம் கொடுக்கவே கூடாது.