பந்து உதைக்க ஒண்ணே முக்கால் ஏக்கர்! கூடையில் போட பத்தே சென்ட்!

ராமேசுவரம்-

சாயங்காலம் பாம்பன், தங்கச்சிமடம் கடலோரமாகப் போய்ப் பாருங்கள். வெயில் தணிந்ததும் பொடியன்கள் மணலுக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டு கல்லைப் போட்டால் கோல் ரெடி. பூட்ஸ் கிடையாது, நடுவர் கிடையாது. தோல் பிய்ந்த பந்து ஒன்று போதும். ஆட்டம் சூடு பிடித்துவிடும்!

இதே கரையில் கூடைப்பந்து ஆடுகிற பையனைத் தேடினால் லேசில் அகப்பட மாட்டான்.

காரணம் சின்னது. கூடைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும். கையில் வைத்துக்கொண்டு ஓடினால் தப்பு. மணலில் பந்தைத் தட்டினால் எழும்புமா? 'சொத்'தென்று விழுந்து கிடக்கும்!

சிமெண்டுத் தரை வேண்டும். 10 அடி உயரத்தில் இரும்பு வளையம் வேண்டும். உப்புக் காத்து இரும்பைச் சும்மா விடாது. காத்து பலமாக அடித்தால் பாம்பன் பாலத்தில் ரெயிலையே நிறுத்துகிறார்கள். வளையத்துக்குப் போட்ட பந்து எந்தப் பக்கம் போகுமோ!

பனியில் பிறந்த ஆட்டம்

பார்க்கப் போனால் இது கூரைக்கு அடியில் ஆடப் பிறந்த ஆட்டம். 1891-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தார். பழக்கூடையைத்தான் முதலில் மாட்டினார். ஒய்.எம்.சி.ஏ. மூலமாக நம்ம நாட்டுக்கு வந்தது.

அப்படியானால் கடற்கரைக்குக் கால்பந்துதானா? கணக்குப் போட்டால் கதை மாறுகிறது.

முறையான கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம்ம கணக்கில் 176 சென்ட். கூடைப்பந்து களம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். பத்தரை சென்ட் கூட வராது. ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு 17 கூடைப்பந்து களத்தின் பரப்புக்குச் சமம்!

சுற்றிலும் கடல் உள்ள தீவில், ஒண்ணே முக்கால் ஏக்கருக்கு எந்தப் பள்ளிக்கூடம் போகும்? பத்து சென்ட் என்றால் காம்பவுண்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும். ஆளும் குறைச்சல். அங்கே பக்கத்துக்கு 11 பேர். இங்கே 5 பேர்.

உயரம் வேண்டுமே என்பார்கள். அமெரிக்காவின் மக்சி போக்ஸ் 5 அடி 3 அங்குலம்தான். அங்குள்ள பெரிய லீக்கில் 14 சீசன் ஆடினார்!

பெண் பிள்ளைகள் எங்கே?

கடற்கரை மணல் ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலோடு சரி. அந்தப் பத்து சென்ட்டாவது கிடைத்தால் ஆடுவார்கள். சென்னையில் கூடைப்பந்து ஆடி வளர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்கே கேப்டன் ஆனார். 2021-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது.

கால்பந்து பெண்களுக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டுப் பெண்கள்தான் தேசிய சாம்பியன். 2019-ல் மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது மதுரை சேது எப்.சி. பேரே நம்ம சீமைப் பேர்!

இதில் வயிற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடம் உண்டு. அதற்கு சர்டிபிகேட் வேண்டும். மணலில் அடித்த கோலுக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு எல்லாம் 61 நாள் சும்மா நிற்கும். பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு. பயிற்சி கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி மைதானம் இருக்கிறது. ராமேசுவரத்தில் இருந்து 50 கிலோ மீட்டருக்கு மேல். சாயங்காலம் பஸ் பிடித்துப் போய், ஆடி முடித்துத் திரும்பினால் ராத்திரி ஆகிவிடும். பெண் பிள்ளையை யார் அனுப்புவார்கள்?