ஆகாய வீரரும் அபாயக் கிரணங்களும்

1984-ம் வருஷத்தில் ராகேஷ் சர்மாவும், 2025-ம் வருஷத்தில் சுபான்ஷு சுக்லாவும் ஆகாயம் சென்று மீண்டபோது பாரத ஜனங்கள் அடைந்த ஆனந்தம் நியாயமானதே. ககன்யான் பிரயாணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரில் சென்னையிற் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர் என்பது தமிழர்க்குப் பின்னும் பெருமை. ஆயினும் ஜயகோஷத்தினிடையே ஒரு விஷயத்தை வற்புறுத்துவது நமது கடமையாகும். ராக்கெட்டின் தீயைக் கண்டு அஞ்சுவோர், கண்ணுக்குப் புலனாகாத கிரணங்களை மறந்துவிடுகின்றனர்.

சூரியனினின்றும் தொலைதூர நக்ஷத்திரங்களினின்றும் மின்சக்தி பொருந்திய அணுத்துகள்கள் இடைவிடாது பாய்கின்றன. பூமியின் காந்த சக்தியும் காற்று மண்டலமும் இரு கோட்டை மதில்களாக நின்று நம்மைக் காக்கின்றன. இக்கிரணங்கள் காற்றில் மோதுவதால் உண்டாகும் 'மியூவான்' துகள்களை, மதுரையில் 85 டன் நிறையுள்ள இரும்புக் கருவியொன்றினால் நமது விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கின்றனர். திருநகரில் திண்ணையில் அமர்ந்திருப்பவர் உடலையும் அவை ஊடுருவியே செல்கின்றன. மதில் உள்ளமையால் தீங்கு மிகச் சிறிது.

மதிலைக் கடந்தால் நிலைமை வேறு. பூமியில் ஒருவர் ஓராண்டில் ஏற்கும் இயற்கைக் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லி ஸீவர்ட். 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சர்வதேச நிலையத்தில் அவ்வளவும் ஒரு வாரத்துக்குள் உடலிற் சேரும். செவ்வாய்க்குப் போய்வரும் வழியில் மட்டும் சுமார் 660 சேருமென்று 2013-ல் கணக்கிட்டனர். அமெரிக்கா தன் வீரர்க்கு ஆயுள் முழுவதற்கும் விதித்துள்ள எல்லையோ 600. இதன் பயன் புற்றுநோயும் கண்புரையுமாகலாம். 1972 ஆகஸ்டில் சூரியனிற் பெரும் புயல் எழுந்தது. அது அப்பல்லோ 16-க்கும் 17-க்கும் இடைப்பட்ட காலம். சந்திரனில் அப்போது மனிதர் இல்லாதது தற்செயலே.

"உயிருக்கு அஞ்சாதவனன்றோ வீரன்! அவனுக்கு இக்கணக்கெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அஞ்சாமை வீரன் தர்மம். அவனுக்குக் கவசம் அளிப்பது தேசத்தின் தர்மம். செங்கோட்டையிற் பிறந்த நிகர் ஷாஜியின் தலைமையில் உருவாகி, 2023-ல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனைக் காவல் காக்கச் சென்றது. காவற்காரன் குரல் கொடுத்தால் ஒதுங்குவதற்கு அரண் வேண்டாமா?

2040-க்குள் இந்தியரைச் சந்திரனில் இறக்குவதென்று சர்க்கார் 2023-ல் குறிக்கோள் வகுத்தது. அதற்கு முன்னரே நமது வீரர்க்குரிய கதிர்வீச்சு எல்லை ஜனங்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொருவரும் ஏற்ற அளவு அவரவர்க்கு மறைவின்றித் தெரிவிக்கப்பட வேண்டும். திரும்பியபின் ஆயுட்கால வைத்தியம் உரிமையாக வழங்கப்பட வேண்டும். கொடி சந்திரனில் நாட்டப்படுக. அதை நாட்டிய கை நெடுநாள் நலமுடன் வாழ்க!