கள்ளுக்கடையை மூடச் சொன்ன கிள்ளான்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. போராட்டத்தை வழிநடத்திய, கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது. ஆயினும் கூலி, தன்மானம், குடி ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன என்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் தாமாகவே கண்டுகொண்டிருந்தனர் என்பது, இன்று போதை மீட்சியைப் பற்றிப் பேசுவோரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின், கள்ளின் இடத்தைச் சம்சு எனப்படும் மலிவான மதுவகை பெருமளவு பிடித்துக்கொண்டது. சிறு புட்டிகளில் சில்லறை விலைக்குக் கிடைத்த இவ்வகை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியில்தான் விற்க வேண்டும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுவே விற்கக் கூடாது என்னும் விதிகள் 2017 டிசம்பரில் மலேசியாவில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு அடுத்த ஆண்டே, மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் கலந்த மதுவைக் குடித்துச் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் பலர் இறந்தனர்.

விதிகளால் மட்டும் குடி நின்றுவிடுவதில்லை. நெடுங்காலம் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தப்படுத்தும் விளைவை ஈடுசெய்யும் வகையில் தன்னை மாற்றியமைத்துக்கொள்வதால், அவர் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் சித்தக் கலக்கமும் ஏற்படுகின்றன. இவை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதால் முதல் சில நாட்கள் மருத்துவரின் கண்காணிப்பில் கழிய வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட காலம். இன்பத்தையும் ஊக்கத்தையும் ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளின் செயல்பாடு சீரடைய மாதக்கணக்கில் ஆவதால், சோறு ருசிப்பதில்லை, உறக்கம் பிடிப்பதில்லை, பிள்ளைகளின் சிரிப்பும் மனத்தைத் தொடுவதில்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் நன்றியோடு இரு என்று உபதேசிப்பதால் பயன் குறைவு. ஏனெனில் நன்றியை உணரும் திறனே அப்போது மங்கியிருக்கிறது.

இதனால்தான் மீட்சிக் குழுக்களில் நன்றியுணர்வு என்பது ஓர் உணர்ச்சியாக அன்றி, அன்றாடப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்னும் இருவர் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் பெயர் வெளியிடாக் குடிநோயாளர் அமைப்பின் வழியில் வந்தோரிடையே, அன்று கிடைத்த நன்மைகளைப் பட்டியலிடும் பழக்கம் பரவலாக உண்டு. நடுங்காத கையால் தேநீர்க் குவளையைப் பிடித்தது, சம்பளப் பணம் குறையாமல் வீடு வந்து சேர்ந்தது போன்றவையே அதில் இடம்பெறுகின்றன. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வாறு எழுதியவர்கள் கூடுதல் மனநிறைவு கொண்டிருந்தனர். ஆனால் அவர்கள் போதை நோயாளிகள் அல்லர் என்பதால், அம்முடிவை அப்படியே இங்குப் பொருத்துவது சரியாகாது. இன்னொன்றும் கூற வேண்டும்: சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரையும் நன்றியைத்தான் எதிர்பார்த்தார். குறையைச் சொல்லவிடாமல் வாயடைக்கும் நன்றி, மீட்சிக்கு உதவாது.

நன்றியுணர்வோடு மீட்சிக்கு வேண்டிய விடாமுயற்சியைப் பொறுத்தவரை, தமிழர்க்கு விரதம் புதிதன்று. தைப்பூசக் காவடிக்காகப் பல நாட்கள் மதுவையும் இறைச்சியையும் தொடாமல் இருந்துவிட்டு, பத்துமலை முருகன் கோயிலிலிருந்து திரும்பியதும் பழையபடி குடிக்கத் தொடங்குவோர் உண்டு. விடும் வலிமை அவர்களிடம் இருந்தது. ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, மீட்சிக்கு இல்லை. ஆகவே 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று எல்லையைச் சுருக்கிக்கொள்வது ஓர் உத்தி. சம்பள நாளிலும், தீபாவளிக்கு முந்தைய இரவிலும், துக்க வீட்டிலும் யாருடன் இருப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது இன்னொன்று. ஒருமுறை சறுக்கியவர், 'எல்லாம் போயிற்று' என்று முழுமையாகக் குடிக்குத் திரும்புவதை உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக ஆராய்ந்தார். சறுக்கலை விட, அதைப் பற்றிய குற்றவுணர்வும் நம்பிக்கையிழப்புமே பெருந்தீங்கு செய்கின்றன என்பது அவர் கருத்து.

நன்றியையும் விடாமுயற்சியையும் பற்றிய இத்தகைய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது குடும்பம். கணவர் குடித்த ஆண்டுகளில் அடியும் கடனும் சுமந்த மனைவி, அவர் குடியை விட்ட மறுமாதமே மகிழ்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிநோயாளரின் உறவினருக்கென 1951இல் 'அல்-அனான்' அமைப்பை உருவாக்க நேர்ந்ததும், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் சிகிச்சையில் குடும்பத்தினருக்கும் இடமளிக்கப்பட்டதும் இதனால்தான்.